பச்சைப் புள்ளிகள்

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று எங்கள் ஆபீஸ் வாசலில் போர்டு தொங்குகிறது. எழுதி மாட்டியவன் நான். இதுவரை அதை மதித்த ஒரே ஆள் தபால்காரர்தான். அன்றைக்கும் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில் தீர்த்தகிரி படியேறி வந்து நின்றார்.

ஓசூர் பாகலூர் ரோட்டில், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் கடைக்கு மேலே எங்கள் துப்பறியும் நிறுவனம். முதலாளி தமிழ்செல்வி மேடம். போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரி ஒருத்தர் சொன்ன பொய்க்குச் சாட்சி சொல்லமாட்டேன் என்று தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தவர். நான் ஆஞ்சப்பன். டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் நான்தான். சம்பள நாளன்று மட்டும் மேடம் இந்த மூன்று பேரையும் ஒரே ஆளாகப் பார்ப்பார்.

தீர்த்தகிரி சூளகிரிப் பக்கம் தக்காளியும் கொத்தமல்லியும் போடுகிற விவசாயி. போன வருடம் திருட்டுப்போன அவருடைய டிராக்டரை கர்நாடக எல்லை தாண்டி மாலூரில் கண்டுபிடித்துக் கொடுத்தோம். அன்றைக்கு மனுஷன் எங்களுக்கு ஒரு கூடை தக்காளியோடு வந்து ஊரைக் கூட்டினார். இன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்து முறுக்கிக்கொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். அவர் மனைவி செல்வம்மாளுக்கு வயிற்றில் புற்றுநோய். ஓசூரை ஒட்டியுள்ள மருதம் புற்றுநோய் ஆய்வு மையத்தில் ஒரு வருடத்துக்கு மேலாக வைத்தியம். மாதாமாதம் பஸ் ஏறிப் போய், மருந்து ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் திரும்பி வந்துவிடுவார்கள். இப்போது புது மருந்து வந்திருக்கிறதாம். நாளைக் காலையில் படுக்கையில் சேர்த்து ஆரம்பிக்கப் போகிறார்கள். சம்மதக் கையெழுத்து போட்டதும் பழைய மருந்தை நிறுத்திவிடுவார்கள். போடாவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இத்தனை நாளும் செல்வம்மாளைப் பார்த்தவர் சென்னகிருஷ்ணன் என்கிற இளம் டாக்டர். அவர் புதன்கிழமை தீர்த்தகிரிக்குப் போன் செய்து, நான் நேரில் வந்து சொல்கிற வரைக்கும் கையெழுத்து போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையிலிருந்து போன் அணைந்து கிடக்கிறது. மையத்தில் விசாரித்தால் அந்த ஆள் ஆஸ்பத்திரித் தகவலை எல்லாம் திருடிக்கொண்டு ஓடிவிட்டார் என்கிறார்கள்.

"நீயே முடிவு பண்ணுன்னு வூட்டுக்காரி எங்கிட்ட சொல்லிட்டாம்மா" என்றார் தீர்த்தகிரி. "நான் இன்னா டாக்டருக்கா படிச்சிக்கினு வந்தேன்? போட்டு அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா நான்தான கொன்னவன்? போடாம ஒண்ணு ஆயிட்டா, அப்பவும் நான்தான?"

மேடம் அவரிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நாளைக் காலையில் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் அந்த டாக்டர் உங்கள் முன்னால் நிற்பார், இல்லையென்றால் அவர் சொல்ல வந்த விஷயமாவது வந்து சேரும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார் சாவியை என் பக்கம் தள்ளினார். இட்லி அப்படியே கிடந்தது.

மையம் புதிதாகக் கட்டியது. கண்ணாடிச் சுவர், வெளியே புல்தரை. முகப்பில் வெள்ளை வேன் ஒன்று நின்றிருந்தது. பக்கவாட்டில் ‘புது மருந்து ஆய்வுத் திட்டம்’ என்று நீல எழுத்து, உள்ளே படுக்கை, ஆக்சிஜன் சிலிண்டர். மேடம் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கார் வாங்குகிற யோசனையா என்று கேட்டேன்.

இயக்குநர் குருமூர்த்தி வெள்ளை அங்கியோடு எங்களை வரவேற்றார். சென்னகிருஷ்ணன் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்யும் டாக்டர் அல்ல, பயிற்சியில் இருப்பவர் என்று விளக்கினார். படிப்பெல்லாம் முடித்து, டாக்டர் பட்டமும் வாங்கிய பிறகு இரண்டு வருடம் மேல்பயிற்சி. வைத்தியம் படித்தவர் ஒருவரையும் கணக்கும் கம்ப்யூட்டரும் படித்தவர் ஒருவரையும் ஜோடியாக்கி ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். இவருக்குக் கணக்கு புரியவேண்டும், அவருக்கு நோய் புரியவேண்டும். இப்படி முப்பது வயதுக்கு மேல் மறுபடி பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கு வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

சென்னகிருஷ்ணனுக்கு வாய்த்த ஜோடி தர்ஷினி. சென்னைப் பெண். அமெரிக்காவில் புள்ளியியலில் பட்டம் வாங்கியவள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழுது முடித்த முகம், இன்னும் கோபம் முடியாத முகம்.

"ரெண்டு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து வேலை செஞ்சவர், சொல்லாமக் கொள்ளாம ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டுப் போயிட்டார். வேற கம்பெனிக்கு விக்கத்தான்னு சார் சொல்றார். நான் முதல்ல நம்பல. இப்ப நம்பறேன்."

டிஸ்க்கின் பிரதி இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்ததால் அவளால் எங்களுக்குத் திரையில் காட்ட முடிந்தது. நோயாளி ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. உயிரோடு இருப்பவர் பச்சை, இறந்தவர் சிவப்பு. இடது பக்கம் பழைய மருந்து. அதில் சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தன. வலது பக்கம் புது மருந்து. அங்கே கொத்தமல்லி வயல் போல ஒரே பச்சை. கணக்குத் தெரியாத எனக்கே அதைப் பார்த்ததும் அந்த மருந்தை வாங்கி இரண்டு ஸ்பூன் குடிக்கலாம் போலிருந்தது.

மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வெளியே நிற்கும் வேன் யாருக்கு? புது மருந்து திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இலவசம் என்றாள் தர்ஷினி. கூட்டிக்கொண்டு வருவது, வீட்டில் கொண்டுபோய் விடுவது, எல்லாம் திட்டச் செலவு. பழைய மருந்துக்காரர்களுக்கு அது கிடையாது, அவர்கள் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வந்துபோவார்கள். மேடம் தலையை ஆட்டிக்கொண்டார். குருமூர்த்தி, ஆளைத் தேட வந்தவர்கள் வேனைப் பற்றிக் கேட்கிறார்களே என்கிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார்.

சென்னகிருஷ்ணன் வாடகைக்கு இருந்த மாடி, மத்திகிரிப் பக்கம். வீட்டுக்காரம்மா ரங்கம்மா எங்களைக் கண்டதும் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் பெருமூச்சு விட்டார். மூன்றிலும் விஷயம் ஒன்றுதான். தண்ணீர். போர்வெல் வற்றி லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில், இந்த டாக்டர் போன வாரம் முழுக்கச் சாயங்காலம் வந்ததும், மாடி ஏறாமல், வாசல் குழாயடியில் போட்டிருக்கும் சட்டையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாராம். பக்கெட் பக்கெட்டாக. வெள்ளிக்கிழமை காலை பைக்கில் போனவர் திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரிக் கிருமியா இருக்கும்" என்றார் ரங்கம்மா.

"நெடுஞ்சாலையில ரோடு வேலை நடக்குது மேடம். அந்தத் தூசியில போனா நானும் சட்டையோடதான் குளிப்பேன்" என்றேன் நான்.

மேடம் ரங்கம்மாவிடம் திரும்பி, இதற்கு முன்னால் இரண்டு வருடமாக அவர் அதே ஆஸ்பத்திரியிலிருந்துதானே வந்தார், அப்போது இப்படிக் குளித்ததுண்டா என்று கேட்டார். ஒரு நாளும் இல்லை என்றார் ரங்கம்மா. சரி, இந்தப் பிள்ளைக்கு எந்த ஊர்? தேன்கனிக்கோட்டைப் பக்கம், சம்பிரதாயம் பார்க்கிற குடும்பம், அமாவாசைக்கு முட்டைகூடச் சாப்பிடமாட்டார் என்றார் ரங்கம்மா.

காருக்கு வந்ததும் மேடம் என்னைப் பார்த்தார். "ஆஞ்சப்பா, நீ எங்க போய்ட்டு வந்தா வாசல்லயே தலைக்கு ஊத்திக்குவ?"

எனக்குச் சுருக்கென்றது. சாவு வீடு. துக்கம் கேட்கப் போய் வந்தால்தான் எங்கள் பக்கத்தில் துணியோடு குளித்துவிட்டு வாசல்படி மிதிப்பார்கள்.

"வாரம் பூராவும் ஒரு மனுஷன் சாவு வீட்டுக்கே போய்க்கினு இருப்பானா மேடம்? அவ்வளவு சொந்தக்காரங்க எனக்கே கிடையாது."

"அதான் எனக்கும் புரியல" என்றார். "அந்தப் பொண்ணையும் கூட்டிக்கோ. அவளுக்கு அட்ரஸ் தெரியும்."

என்ன அட்ரஸ் என்று நான் கேட்பதற்குள் மேடம் ஏறி உட்கார்ந்துவிட்டார். மையத்துக்குத் திரும்பிப் போனோம். மேடம் தர்ஷினியிடம் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் பச்சைப் புள்ளிகளில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு வீட்டைக் காட்டுங்கள், பிழைத்தவர்களை நான் பார்க்கவேண்டும். தர்ஷினிக்கு அதில் சந்தோஷம்கூட. இரண்டு வருடத்தில் தான் ஒரு நோயாளியின் வீட்டுக்கும் போனதில்லை என்று காரில் ஏறும்போது சொன்னாள். பார்க்கவேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டாம்.

குந்தாரப்பள்ளியில் சந்தை நாள் இல்லை. மைதானத்தில் கட்டுத்தறிகள் மட்டும் நின்றன. சந்தைக்குப் பின்னால் வரிசையாக வாடகை வீடுகள், கிரானைட் பாலிஷ் போடும் பட்டறைகளில் வேலை செய்யத் தெற்கேயிருந்து வந்த குடும்பங்கள். பச்சைப் புள்ளியின் பெயர் பொன்னுசாமி. தர்ஷினிதான் முன்னால் போய்க் கதவைத் தட்டினாள். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் வந்தாள்.

"பொன்னுசாமி ஐயா இருக்காரா? ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றோம். எப்படி இருக்கார்னு பார்த்துட்டுப் போகலாம்னு."

அந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவை விட்டு விலகி நின்றாள். உள்ளே சுவரில் படம், அதற்கு மாலை, கீழே அகல் விளக்கு. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

அவள் பெயர் கருப்பாயி, பொன்னுசாமியின் மனைவி. உசிலம்பட்டிப் பக்கம். எங்களை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புது மருந்து ஏற்றி கொஞ்ச நாளிலேயே மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. நினைவு தப்பத் தொடங்கியதும் மகன் டாக்டரிடம் போய், வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று கேட்டிருக்கிறான். டாக்டரும் சரியென்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"ஆசுபத்திரியில உசுரு போச்சுன்னா ஊருக்குள்ள எடுக்க விடமாட்டாகம்மா. தெருமுனையோட நிப்பாட்டிருவாக. இந்த வீட்டுலயும் வாடகைக்கு விட்டவுக ஒத்துக்கிற மாட்டாக. அதான் மூச்சு இருக்கும்போதே அந்த வேன்ல வச்சு நேரா ஊருக்கே கொண்டு போயிட்டோம். வாசல்ல எறக்கி ஒரு வாய் பாலு ஊத்துற வரைக்கும் இருந்தாக. அந்த வேன் மட்டும் இல்லேன்னா எங்க வீட்டு ஆளு அனாதப் பொணமாப் போயிருப்பாக. அந்த ஆசுபத்திரிக்காரவுக நல்லா இருக்கணும்."

அவள் நிஜமாகவே கும்பிட்டாள். தர்ஷினியைப் பார்த்துத்தான் கும்பிட்டாள். அந்தப் பெண் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இதற்கு முன் யாராவது வந்தார்களா என்று மேடம் கேட்டார். போன வாரம் அந்தச் சின்ன டாக்டர் வந்தாராம். படத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். கேள்வி ஒன்றும் கேட்கவில்லையாம். போகும்போது போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனாராம். "முறை தெரிஞ்ச புள்ள" என்றாள் கருப்பாயி.

நாங்களும் சொல்லாமல்தான் எழுந்து வந்தோம். தர்ஷினி மட்டும் வாசலில், வர்றோம்மா, என்று வாயெடுத்தாள். மேடம் அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்துவிட்டார்.

காரில் மேடம்தான் ஆரம்பித்தார்.

"பழைய மருந்துக்காரங்க கடைசிக் கட்டத்துல எப்படி வீட்டுக்குப் போவாங்க?"

"சொந்தச் செலவுல வண்டி வைக்கணும்" என்றாள் தர்ஷினி.

"ஆஞ்சப்பா, ஆக்சிஜன் வெச்ச வண்டிக்கு வாடகை?"

"பால் கறக்கிற மாட்டை விக்கணும் மேடம்."

"மாடு இல்லாதவங்க?"

"வார்டுலயே இருக்கவேண்டியதுதான்."

"வார்டுலயே இறந்தா, கம்ப்யூட்டர்ல?"

தர்ஷினி மெதுவாகச் சொன்னாள். "சிவப்பு."

"வேன்ல வீட்டுக்குப் போய் மறுநாள் இறந்தா?"

அவள் காரை நிறுத்தச் சொன்னாள். சாலையோரம் இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தூசியைப் பற்றி ஒரு நக்கல் தயாராக வைத்திருந்தேன், அதை அப்படியே முழுங்கிவிட்டேன்.

"ரெண்டு மருந்துக்கும் நடுவுல உங்க திரையில தெரியற வித்தியாசம் மருந்தால வந்தது இல்லம்மா" என்றார் மேடம். "வண்டியால வந்தது."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். சேர்ந்த புதிதில் சென்னகிருஷ்ணனிடம் கேட்டிருக்கிறாள், வீட்டுக்குப் போனவர்களைக் கணக்கில் எப்படி வைப்பது என்று. அவர் நோயாளிகளைப் பார்க்கிற அவசரத்தில் இருந்தார். எல்லாரும் உயிரோடுதான் போனார்கள் என்று சொல்லிவிட்டு ஓடினார். அவர் சொன்னது பொய்யில்லை. அதை வைத்து இவள் புரோகிராமில் ஒரு வரி எழுதினாள். இறந்த தகவல் வராதவர் உயிரோடு இருப்பவர். ஒரே ஒரு வரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கத்து ஆளான டாக்டருக்கு வழக்கம் தெரியும், கணக்கில் என்ன ஏறுகிறது என்று தெரியாது. அவளுக்குக் கணக்கு தெரியும், இங்கே மனிதர்கள் எதற்காக வீட்டுக்குப் போகிறார்கள் என்று தெரியாது. இதற்காகத்தானே இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள்? உட்கார்ந்து என்னத்தைத்தான் பேசினார்கள்? கேட்டேவிட்டேன். அவரவர் வேலையைப் பார்த்தோம், மதியம் சேர்ந்து சாப்பிட்டோம் என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே அவமானமாக இருந்தது.

அதற்குப் பிறகு கிருஷ்ணகிரிக்குள்ளும் வெளியிலுமாக இன்னும் சில பச்சைப் புள்ளிகளின் வீடுகளுக்குப் போனோம். எல்லா வீட்டிலும் மாலை போட்ட படம். எல்லா வீட்டுக்கும் எங்களுக்கு முன்னால் சென்னகிருஷ்ணன் வந்து போயிருந்தார். ஒவ்வொரு வாசலிலும் தர்ஷினிதான் முதலில் இறங்கினாள். நான் போய் விசாரித்துவிட்டு வருகிறேன், நீங்கள் காரில் இருங்கள் என்று சொல்லிப்பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவர் ஓசூரிலிருந்து சாலையோடு வரிசையாகப் போயிருக்கிறார் என்று மேடம் கவனித்திருந்தார். அப்படியானால் கடைசி வீட்டில் ஆள் அகப்படவேண்டும். கடைசிப் பச்சைப் புள்ளி மத்தூர். பெயர் மாரம்மா.

மத்தூரில் நாங்கள் இறங்கும்போது கரண்ட் இல்லை. அந்த 2008-ஆம் வருடத்தில் கரண்ட் இருந்த நேரத்தைச் சொல்வதுதான் சுலபம். மாந்தோப்பைத் தாண்டி ஓட்டு வீடு. வாசலில் ஓசூர் தூசியோடு ஒரு பைக் நின்றது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு பெண்மணி. பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, தாடி மண்டிய ஒரு இளைஞன் பனையோலை விசிறியால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தான். தர்ஷினியைக் கண்டதும் விசிறி நின்றது. பிறகு மறுபடி விசிற ஆரம்பித்தான்.

மாரம்மா கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். பச்சைப் புள்ளிகளில் ஒன்றாவது நிஜம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டதும் அது போய்விட்டது.

மாரம்மாவின் மருமகளிடம் விசிறியைக் கொடுத்துவிட்டு சென்னகிருஷ்ணன் பின்கட்டுக்கு வந்தார். யாரும் கேட்கும் முன்பே பையிலிருந்து டிஸ்க்கை எடுத்துத் தர்ஷினியிடம் நீட்டினார்.

முதலில் இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் சொன்னாராம். இரண்டு வீட்டை வைத்துக்கொண்டு முடிவை மாற்ற முடியாது, திங்கட்கிழமை திட்டம் தொடங்கியாகவேண்டும் என்றாராம் குருமூர்த்தி. சரி, எல்லா வீட்டையும் பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். தான் திரும்புவதற்குள் யாராவது எதையாவது மாற்றினாலும் மூலம் தன் கையில் இருக்கட்டும் என்று டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டார். திருட்டு என்று புகார் ஆகும் என்று தெரியும். ஆகட்டும் என்று விட்டுவிட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் தர்ஷினி.

"நீங்க கேட்டப்ப உயிரோடதான் போனாங்கன்னு சொன்னது யாரு? நான்தானே. அதை எந்த வாயால மாத்திச் சொல்றது?"

மேடம் விடவில்லை. எல்லா வீட்டையும் பார்த்து முடித்துவிட்டீர்களே, தீர்த்தகிரி நாளைக் காலையில் கையெழுத்து போட உட்கார்ந்திருக்கிறாரே, போனையாவது போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். போனில் சார்ஜ் இல்லை என்றார் சென்னகிருஷ்ணன். பிறகு அவரே, கரண்ட் வந்தபோதும் சார்ஜ் போடவில்லை என்றார்.

"இந்தம்மாவை வேன்ல ஏத்தினது நான். நல்லாயிடுச்சு, அதான் வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு இவங்க நினைச்சுக்கிட்டாங்க. மறுபடி எப்ப வரணும் சார்னு கேட்டாங்க. எத்தனையோ பேரை ஏத்தி விட்டிருக்கேன் மேடம். அந்த வேன் எங்க போய் நிக்குதுன்னு ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. இவங்க அப்படிக் கேட்ட அப்புறம்தான் போய்ப் பார்க்கத் தோணிச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. வலிக்கு ஊசி போட இங்க வேற ஆள் கிடையாது. இவங்களை விட்டுட்டு இப்ப நான் வரமாட்டேன்."

மேடம் அவரை வற்புறுத்தவில்லை. போலீஸ்காரியாக இருந்தவர், ஆளை வண்டியில் தூக்கிப் போடத் தெரியாதவர் அல்ல. தர்ஷினி பக்கம் திரும்பினார். டாக்டர் வரமாட்டார், நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டார். அவள் டிஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் போய்க் காரில் உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாவம், எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்குப் பார்த்த படங்களில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள் என்று பிறகு தெரிந்தது. பொன்னுசாமியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக.

சூளகிரியில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தீர்த்தகிரி வரப்பிலிருந்து ஓடி வந்தார், எங்களுக்குப் பின்னால் டாக்டரைத் தேடினார். வாசலில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராகப் பை ஒன்று கட்டி வைத்திருந்தது. செல்வம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாள் சந்தைக்குக் கொத்தமல்லிக் கட்டு போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்துதான் இருந்தாள், ஆனால் கட்டு போடுகிற கை வேகமாக ஓடியது.

தர்ஷினி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தப் புது மருந்து ஏத்திக்கிட்டவங்க நல்லா இருக்காங்கன்னு கம்ப்யூட்டர்ல எழுதினது நான். இன்னைக்குத்தான் அவங்க வீட்டுக்கெல்லாம் போனேன். யாரும் இல்லம்மா. ஒருத்தங்க இருக்காங்க, அவங்களும் போயிடுவாங்க. டாக்டர் அவங்க பக்கத்துல இருக்கார். நாளைக்கு நீங்க வரவேண்டாம்."

தீர்த்தகிரிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. நாங்க மனுஷங்களா, உங்களுக்கு வெளையாட்டு சாமானா என்று கத்தினார். கத்திக்கொண்டே பையைப் பிரித்து, உள்ளேயிருந்த புடவையையும் தட்டையும் டம்ளரையும் எடுத்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். கையெழுத்து போடவேண்டியதில்லை என்று அந்த மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும், அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

செல்வம்மாள் கட்டு போடுவதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் போட்டுக்கினு இருக்கிற பழைய மருந்து? அதுல எத்தினி பேரு பொழைச்சிக்கினாங்க?"

"பாதிப் பேருக்கு மேல இருக்காங்கம்மா" என்றாள் தர்ஷினி.

"பாதி" என்று செல்வம்மாள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அதுவாவது நெஜந்தானா?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. நோயாளிக்கு ஒரு தைரியம் வரும். பொய் என்று யார் வந்து கேட்கப்போகிறார்கள்? பழைய மருந்துக்காரர்களிலும் யாராவது மாட்டை விற்று, வண்டி பிடித்து, மூச்சோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்களுக்கும் அவள் பச்சைதான் வைத்திருப்பாள். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"தெரியலம்மா" என்றாள். "அதையும் நான் கம்ப்யூட்டர்லதான் பார்த்தேன்."

செல்வம்மாள் கையிலிருந்த கட்டை முடிந்து கூடையில் வைத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அதில் கோபம் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

"சரி, நீ வூடு வூடா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் நான் இருக்கேன்."